கோஸ்டா ரிக்காவில் காடு பார்க்க எவ்வளவு செலவாகும்? கரீபியக் கரையைப் பற்றி ஒரு விவாதம்

பச்சைவழி (இழையைத் தொடங்கியவர்)

கோஸ்டா ரிக்கா என்றதும் "அது பணக்காரர்கள் போகும் ஊர்" என்று பலர் கைகழுவி விடுகிறார்கள். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 200 டாலர் இல்லாமல் அங்கே காலடி வைக்க முடியாது என்று இங்கேயே ஒரு நண்பர் எழுதியிருந்தார். வாடகைக் கார், எரிமலையைப் பார்த்த அறை, மரங்களுக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகும் சவாரி, ஊருக்கு ஊர் சுற்றுலா வேன் என்று அடுக்கிக்கொண்டே போனால் 200 என்ன, 400 டாலரும் கரையும். காட்டையும் அதில் வாழும் உயிர்களையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை.

என் கட்சி இதுதான். ஊர் மக்கள் போகும் பஸ்ஸில் போங்கள். "சோடா" என்று அவர்கள் அழைக்கும் சிறிய சாப்பாட்டுக் கடைகளில் சாப்பிடுங்கள். சமையலறை உள்ள விடுதியில் தங்குங்கள். இப்படி மிச்சமாகும் பணத்தை உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுங்கள். சிக்கனம் எல்லாவற்றிலும் இருக்கலாம், வழிகாட்டியிடம் மட்டும் கூடாது.

அடுத்தது பருவம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம் என்று எல்லாக் கையேடுகளும் சொல்வதால் கூட்டம் அப்போதுதான் குவிகிறது, அறை வாடகையும் ஏறுகிறது. ஆனால் அந்த நாட்டுக்கு இரண்டு கரைகள் உண்டு. இரண்டின் மழைக்கணக்கும் வேறு வேறு. செப்டம்பர், அக்டோபரில் பசிபிக் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். அதே மாதங்களில் கரீபியப் பக்கம் வெயில் காயும், கடல் அடங்கியிருக்கும், தோர்துகேரோவில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அறைகளும் காலியாகக் கிடக்கும். எனவே என் யோசனை: செப்டம்பர் இறுதியில் புறப்பட்டு, சான் ஹோசேவிலிருந்து தோர்துகேரோ, காவீத்தா, புவெர்தோ வியெஹோ என்று கரீபியக் கரையோடு நின்றுவிடுங்கள். நாடு முழுவதையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட ஓடுகிறவர்களுக்குப் பணம் போவதே போக்குவரத்தில்தான்.

செலவுக்கு ஒரு உத்தேசக் கணக்கு: பொது அறையில் ஒரு கட்டில் 12 முதல் 20 டாலர். சோற்றோடு பீன்ஸ், காய்கறி, வறுத்த வாழைப்பழம், கறி அல்லது மீன் வரும் "கசாதோ" தட்டு 3,500 முதல் 5,000 கொலோன் (ஒரு டாலருக்கு ஏறக்குறைய 500 கொலோன் என்று வைத்துக்கொள்ளுங்கள்). சான் ஹோசேவிலிருந்து காவீத்தாவுக்கு நான்கு மணி நேர பஸ் பயணம் 10 முதல் 13 டாலர். அதே தூரத்துக்குச் சுற்றுலா வேனில் அதைப்போல் நாலைந்து மடங்கு கேட்பார்கள். குழாய்த் தண்ணீரைப் பெரும்பாலான ஊர்களில் அப்படியே குடிக்கலாம் என்பதால் பாட்டில் செலவும் இல்லை.

போய் வந்தவர்கள் எழுதுங்கள். மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள்.

தென்றல்_டல்லாஸ்

நல்ல இழை, நன்றி. நாங்கள் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், கூடவே என் அம்மா. அம்மா சுத்த சைவம். எல்லோரிடமும் இந்தியக் கடவுச்சீட்டு. எங்கள் இருவருக்கும் அமெரிக்க வேலை விசா, அம்மாவுக்குப் பார்வையாளர் விசா. தனியாக விசா எடுக்க வேண்டுமா? பஸ்ஸில் ஐந்து பேரும் பெட்டியுமாகப் போக முடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பச்சைவழி

தென்றல், விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் பல நுழைவு அமெரிக்க விசா முத்திரை இருந்தால் இந்தியர்கள் கோஸ்டா ரிக்காவுக்குத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. முத்திரை காலாவதியாகி, தங்குவதற்கான அனுமதித் தாள் மட்டும் கையில் இருந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள். காலாவதியான முத்திரையோடு திரும்பி வரலாம் என்ற சலுகை கனடா, மெக்ஸிகோ போன்ற பக்கத்து நாடுகளுக்குத்தான் பொருந்தும்; கோஸ்டா ரிக்காவிலிருந்து அப்படி வர முடியாது. ஐந்து கடவுச்சீட்டையும் இன்றே எடுத்துத் தேதி பாருங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். திரும்பி வரும் டிக்கெட்டைக் கண்டிப்பாகக் கேட்பார்கள்.

பஸ்ஸில் தாராளமாகப் போகலாம். பெரிய பெட்டிகள் அடியில் போய்விடும். கடவுச்சீட்டும் பணமும் உள்ள பையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே உள்ள தட்டில் வைத்துவிட்டுத் தூங்கினால் களவு போகும்.

கொங்குநாடன்

எனக்கு உடன்பாடில்லை. குறைந்த செலவு என்பதுதான் தலைப்பு என்றால் ஏன் கோஸ்டா ரிக்கா? குவாத்தமாலாவுக்குப் போங்கள். அகாதெனாங்கோ மலை மேல் இரவு தங்கினால் எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்புக் கக்குவதைப் பார்க்கலாம். அதித்லான் ஏரி இருக்கிறது, செமுக் சம்பேயின் நீலக் குளங்கள் இருக்கின்றன. நிகராகுவாவில் ஏரிக்கு நடுவே இரண்டு எரிமலைகளோடு ஒமெதெபே தீவு இருக்கிறது. சாப்பாடு, அறை எல்லாமே கோஸ்டா ரிக்காவில் ஆகும் செலவில் பாதிதான்.

இன்னொன்று. வழிகாட்டிக்கு ஆளுக்கு 25, 30 டாலர் கொடுப்பது வீண். பாதை தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது, நமக்கும் கண் இருக்கிறது. காவீத்தா பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்று கேள்விப்பட்டேன். சும்மா நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாமே?

புள்நோக்கி

கொங்குநாடன் அண்ணா, வழிகாட்டி வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பறவை பார்ப்பதே என் வேலையும் பொழுதுபோக்கும். அப்படிப்பட்ட என் கண்ணுக்கே அந்தக் காட்டில் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மழைக்காடு பூங்காவைப்போல் எதையும் முன்னால் வைத்துக் காட்டாது. எல்லாமே பச்சை, எல்லாமே அசைகிற இலை.

காவீத்தாவில் எங்களை அழைத்துப் போனவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த, ஐம்பதைத் தாண்டிய மனிதர். பாதையில் நூறு அடி போனதும் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். முழங்கால் உயரத்தில், பட்டை உரிந்த ஒரு மரத்தின் இடுக்கில், கனிந்த வாழைப்பழத் தோலின் மஞ்சளில் ஏதோ சுருண்டிருந்தது. கண்ணிமை விரியன். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளம்கூட இருக்காது. தொலைநோக்கியைத் தாங்கியில் நிறுத்திக் காட்டினார். கண்ணுக்கு மேலே செதில்கள் முள் முள்ளாகத் துருத்தி நின்றன, அவற்றால்தான் அந்தப் பெயர். எங்களுக்கு முன்னால் போன பத்துப் பதினைந்து பேர் அந்த மரத்தை உரசிக்கொண்டு போயிருந்தார்கள். பாம்பும் அசையவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

மரக்கிளையில் தொங்கி மெல்ல மெல்ல நகரும் ஸ்லாத் என்ற விலங்கும் அப்படித்தான். நாம் விலங்கைத் தேடுவோம். அவர் குவாருமோ மரத்தைத் தேடினார். வெளிறிய தண்டும் குடைபோல் அகன்ற இலையும் உள்ள அந்த மரத்தின் கவட்டையில் உருண்டையாக ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தார். அதன் மயிரில் பாசி படிந்து பச்சை ஏறியிருப்பதால் நாம் எத்தனை முறை பார்த்தாலும் இலைக்கொத்து என்றே கடந்து போவோம். மூன்று விரல் ஸ்லாத் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு முறை கழிவு நீக்க மட்டும் தரைக்கு இறங்கும் என்பதையும், அப்போதுதான் அது எளிதில் இரையாகிறது என்பதையும் மரத்தடியில் நின்றுகொண்டே சொன்னார்.

பணம் குறைவு என்றால் ஒரே ஒரு காலை மட்டும் வழிகாட்டியோடு போங்கள். எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று கண் பழகிவிடும். மறுநாள் அதே பாதையில் நீங்களாகவே போகலாம்.

மீனாட்சி_டொரன்டோ

காவீத்தாவைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "சும்மா போகலாம்" என்று எழுதுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். புவெர்தோ வார்காஸ் பக்கம் கட்டணம் உண்டு. ஊருக்குள் இருக்கும் கெல்லி க்ரீக் வாசலில் நம்மால் முடிந்ததைக் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டை அரசு தானாகக் கொடுத்துவிடவில்லை. 1994இல் வெளிநாட்டவருக்கான கட்டணத்தை அரசு ஒரேயடியாக 15 டாலர் ஆக்கியது. அப்படியானால் பயணிகள் வர மாட்டார்கள், விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் படுத்துவிடும் என்று ஊர் திரண்டு அந்த வாசலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பேச்சு நடந்தது, கடைசியில் அரசும் ஊரும் சேர்ந்து பூங்காவை நிர்வகிக்கும் முறை வந்தது. நான் அறிந்தவரை அந்த நாட்டுத் தேசியப் பூங்காக்களில் இப்படி ஊருக்கு உரிமை உள்ளது அபூர்வம்.

அந்த ஊர் மக்களில் பலர், ரயில் பாதை போடவும் வாழைத் தோட்டங்களில் உழைக்கவும் ஜமைக்கா முதலான தீவுகளிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் தங்கள் வாசலை நமக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். நன்கொடைப் பெட்டியைத் தாண்டி வெறுங்கையோடு உள்ளே போவதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நாட்டின் பெரிய பூங்காக்கள் பலவற்றில் 15 டாலர் அளவில் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள். இங்கே 5 டாலராவது போடுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கொங்குநாடன்

மீனாட்சி அக்கா, இந்த வரலாறு எனக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குவாத்தமாலாவைப் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

பச்சைவழி

சொல்கிறேன். எரிமலையும் மலை ஏரியும் மாயா மக்களின் ஊர்களும்தான் வேண்டும் என்றால் குவாத்தமாலாதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. செலவும் அங்கே குறைவுதான். நிகராகுவாவில் 2018க்குப் பிறகு அரசியல் நிலைமை இறுகிவிட்டது, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் விலங்கு பார்ப்பதுதான் நோக்கம் என்றால், கொடுக்கிற டாலருக்கு ஈடாகக் கிடைப்பது கோஸ்டா ரிக்காவில்தான் அதிகம். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிகூட இல்லாத நாடு அது. நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. 1980களில் மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டி வெட்டிக் காடே நாட்டில் கால்பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. இன்று மறுபடியும் பாதிக்கு மேல் காடு. 1996இல் வந்த வனச் சட்டம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியதோடு, காட்டைக் காக்கும் நில உரிமையாளருக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம் கொடுக்கவும் வழி செய்தது. 2012இல் பொழுதுபோக்கு வேட்டையையும் தடை செய்தார்கள். இதன் பலனை பஸ் நிறுத்தத்தில் நின்றாலே பார்க்கலாம்: தலைக்கு மேலே ஊளைக் குரங்குகள் கத்தும், மின்கம்பியில் பெரிய அலகுள்ள டூகான் பறவை வந்து உட்காரும். இந்தக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது.

கடற்கரைக்கும் டிக்கெட் கிடையாது. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் வரை எல்லாக் கடற்கரையும் பொதுமக்களுடையது. எந்த ஓட்டலும் அதைத் தன்னுடையது என்று வேலி போட முடியாது. புவெர்தோ வியெஹோவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் நாளுக்கு 10 டாலர் அளவில் ஆகும். அங்கிருந்து மன்ஸனியோ வரை சுமார் 13 கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாத சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. சாலை முடியும் இடத்தில் கந்தோக்கா–மன்ஸனியோ காப்புக்காடு. இந்த ஒரு நாளுக்காகவே நான் அந்தக் கரைக்குத் திரும்பத் திரும்பப் போவேன்.

ஓய்வாசிரியர்

பச்சைவழித் தம்பி, எனக்கு 67 வயது. மூட்டுவலி உண்டு. மகன் டெக்சஸில் இருக்கிறான், நவம்பர் வரை அங்கேதான் இருப்பேன். இந்தப் பாதைகள் என்னைப் போன்றவர்களுக்கு ஒத்து வருமா? பாம்பைப் பற்றிப் படித்ததும் மனைவி வேண்டாம் என்கிறார்.

புள்நோக்கி

ஐயா, காவீத்தா பாதை கடலை ஒட்டிச் சமதளமாகப் போகிறது. கெல்லி க்ரீக்கிலிருந்து புவெர்தோ வார்காஸ் வரை முழுப் பாதை சுமார் 8 கிலோமீட்டர். முழுவதும் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை, முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே குரங்கும் ஸ்லாத்தும் பசிலிஸ்க் பல்லியும் கிடைத்துவிடும். இளைப்பாற வேண்டுமென்றால் வெண்மணல் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் வாசல் திறந்ததும் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்காது.

பாம்புக்காக ஒரு பயணத்தைக் கைவிட வேண்டாம். பாதையை விட்டு இறங்காமல் இருப்பது, கைப்பிடிக் கம்பியையோ மரத்தையோ பார்க்காமல் தொடாமல் இருப்பது, இரவில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருப்பது, இவ்வளவுதான். கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகத்தின் க்ளோதோமிரோ பிகாதோ நிறுவனம் 1970 முதல் பாம்புக்கடிக்கு மாற்று மருந்து தயாரித்து வருகிறது. பிற நாடுகளுக்கும் அங்கிருந்து போகிறது. இந்த விஷயத்தில் அவர்கள் மிகவும் தயாராக இருக்கும் நாடு.

எனக்கு அதைவிடக் கடல்மீதுதான் பயம். புவெர்தோ வியெஹோவுக்குத் தெற்கே கோக்லெஸ் கடற்கரையில் உள்ளிழுக்கும் நீரோட்டம் வலுவானது. குழந்தைகளோடு போகிறவர்கள் காவீத்தாவின் வெண்மணல் கரையில் குளியுங்கள், அங்கேயும் எச்சரிக்கைக் கொடியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மீனாட்சி_டொரன்டோ

தென்றலின் சைவக் கேள்வி அப்படியே நிற்கிறது. நானும் சைவம்தான், பட்டினி கிடந்ததில்லை.

காலையில் "காயோ பின்தோ" எங்கும் கிடைக்கும், சோறும் கருப்பு பீன்ஸும் சேர்த்துக் கிளறியது. மதியம் கசாதோவைக் கறி இல்லாமல் கேட்கலாம். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழியோ மீனோ வரலாம், அதனால் மூன்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். அரைத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, அம்மாவுக்காக அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கரீபியப் பக்கம் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும் பீன்ஸும் தருவார்கள். முழு மிளகாயைக் கீறாமல் மேலே போட்டு ஆவியில் மணம் ஏற்றுவார்கள். தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டுப் பழகிய யாருக்கும் முதல் கவளத்திலேயே பிடித்துவிடும்.

செலவு குறைய வேண்டுமென்றால் வாரச் சந்தைக்குப் போங்கள். "ஃபெரியா" என்பார்கள், வார இறுதியில் ஊருக்கு ஊர் நடக்கும். மரவள்ளி, சௌசௌ, வாழைக்காய், பப்பாளி, அன்னாசி எல்லாம் விவசாயிகளே கொண்டுவந்து விற்கிறார்கள். அந்தப் பருவத்தில் ரம்புத்தானும் சாலையோரத்தில் பை பையாக விற்பார்கள். விடுதிச் சமையலறையில் அம்மாவே ஒரு சௌசௌக் கூட்டு வைத்துவிடலாம், பருப்பும் கொஞ்சம் பொடிகளும் எடுத்துப் போனால் போதும்.

சாப்பாட்டுக் கடை ரசீதில் 13 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கும். சிறு சோடாக்களில் பெரும்பாலும் எழுதியிருக்கும் விலைதான் கடைசி விலை.

கடற்கரையான்

ஆமைகளைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே என்று வருகிறேன். சென்னையில் பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரை இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. கல்லூரி நாட்களில் அவர்களோடு நடந்தவன் நான். அதனால் தோர்துகேரோ எனக்கு முக்கியமான இடம்.

மேற்கு அட்லாண்டிக்கில் பச்சை ஆமைகள், நம் மீனவர்கள் சொல்லும் பேராமைகள், மிகப் பெருமளவில் முட்டையிடும் கரை அது. ஒரு காலத்தில் இறைச்சிக்காக அவற்றைக் கரையிலேயே மல்லாத்திப் போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1950களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க உயிரியலாளர் அங்கே ஆய்வைத் தொடங்கினார், 1959இல் ஆமைகளுக்கான ஒரு பாதுகாப்பு அமைப்பு உருவானது, 1975இல் தேசியப் பூங்கா சட்டமாயிற்று. ஊரில் கார் கிடையாது, சாலையும் கிடையாது. கால்வாய் வழியாகப் படகில்தான் போக வேண்டும்.

ஜூலை முதல் அக்டோபர் வரை பருவம். இரவில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கரைக்குப் போக முடியாது. ஆளுக்கு 25, 30 டாலர் ஆகும். வெள்ளை ஒளி கூடாது, செல்பேசியை அணைத்து உள்ளே வைக்க வேண்டும், படம் எடுக்கவே கூடாது, அடர் நிற உடை உடுத்த வேண்டும். வழிகாட்டி மட்டும் சிவப்பு விளக்கு வைத்திருப்பார். ஆமை குழி தோண்டும்போது அருகே விட மாட்டார்கள், முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கமாக அழைத்துப் போவார்கள். அந்த நேரத்தில் அது எளிதில் கலையாது. ஈரமான வெள்ளை முட்டைகள் இரண்டு மூன்றாக விழுவதும், பிறகு பின்துடுப்புகளால் மண்ணைத் தள்ளி அது அமுக்கி அமுக்கி மூடுவதும் மூச்சுப் படும் தூரத்தில் நடக்கும். குழந்தைகளுக்கு இதைக் காட்டுங்கள் தென்றல். பயணத்தில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

அதிகாலையில் துடுப்புப் படகில் கால்வாய்ச் சுற்றும் போங்கள். மோட்டார் படகைவிட மலிவு, சத்தமும் இல்லை.

கொங்குநாடன்

பசிபிக் பக்கம் ஒஸ்தியோனால் என்ற ஊரில் ஆமை முட்டைகளை ஊர்க்காரர்களே தோண்டி எடுத்துச் சட்டப்படி விற்கிறார்களாமே? இவ்வளவு பாதுகாப்பு பேசும் நாட்டில் அது எப்படிச் சரி?

கடற்கரையான்

நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது.

ஒஸ்தியோனாலில் பங்குனி ஆமைகள் ஒன்றிரண்டாக வருவதில்லை, சில இரவுகளில் ஆயிரக்கணக்கில் ஒரே கரையில் ஏறும். ஒடிசாவில் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் நடப்பதுபோல. முதல் இரவுகளில் இட்ட முட்டைகளை அடுத்தடுத்து வரும் ஆமைகளே தோண்டி உடைத்துவிடும். எப்படியும் அழியப்போகும் அந்த முதல் முட்டைகளில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க 1987 முதல் ஊருக்கு அனுமதி. அதற்குக் கைம்மாறாக ஊர் கரையைத் துப்புரவு செய்கிறது, திருடர்களிடமிருந்து காவல் காக்கிறது, குஞ்சுகள் கடலுக்குப் போகும்போது பறவைகளையும் நாய்களையும் விரட்டுகிறது. திருட்டு முட்டைகளையும் இந்த முட்டைகளோடு கலந்து விற்க இந்த ஏற்பாடு இடம் கொடுக்கிறது என்று எதிர்ப்பவர்களும் உண்டு. அந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கரையை நம்பி வாழும் மனிதர்களுக்கு அதில் பங்கு இல்லையென்றால் அங்கே காவலும் இருக்காது என்பதை நான் நம்புகிறேன். 2025 ஜனவரியில் நம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஓய்வாசிரியர்

பயனுள்ள விளக்கம். மகனிடம் சொல்லிவிட்டேன், நாங்களும் அக்டோபரில் போகிறோம். ஸ்லாத்தைக் கையில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஒரு விளம்பரம் பேத்தி காட்டினாள். அது சரிதானா?

புள்நோக்கி

வேண்டவே வேண்டாம் ஐயா. அந்த விலங்குக்கு அது பெரும் அச்சம், வெளியே அசையாமல் சிரிப்பதுபோல் தெரியும். காட்டு விலங்கைத் தொட்டோ தூக்கியோ படம் எடுப்பதற்கு எதிராக 2019இல் அந்த நாட்டு அரசே ஒரு பிரசார இயக்கம் தொடங்கியது. குரங்குகளுக்கு உணவு கொடுப்பதும் கூடாது. கபுசின் குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை, வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள்.

தென்றல்_டல்லாஸ்

எல்லோருக்கும் நன்றி. முத்திரைகள் ஐந்தும் செல்லுபடியாகின்றன. திட்டம் இப்படி: செப்டம்பர் கடைசி சனிக்கிழமை மாலை இறங்கி, நேராகத் தோர்துகேரோ. பிறகு காவீத்தா, புவெர்தோ வியெஹோ. திரும்பும் வழியில் பசிபிக் பக்கம் மனுவேல் அந்தோனியோவில் ஒரு செவ்வாய்க்கிழமை. சரியாக வருமா?

பச்சைவழி

இரண்டு திருத்தங்கள். மாலையில் இறங்கி அன்றே தோர்துகேரோ போக முடியாது, கடைசிப் படகு போயிருக்கும். விமான நிலையம் உண்மையில் அலஹுவேலா ஊரில்தான் இருக்கிறது. முதல் இரவை அங்கே தங்குங்கள். காலையில் சான் ஹோசேவின் கரீபிய பஸ் நிலையத்துக்குப் போய்க் கரியாரி பஸ், அங்கிருந்து லா பவோனா பஸ், அதன் முடிவில் படகு. சான் ஹோசேவில் எல்லா ஊருக்கும் ஒரே பஸ் நிலையம் கிடையாது, அதனால் நிலையத்தின் பெயரைத் தாளில் எழுதி டாக்ஸிக்காரரிடம் காட்டுங்கள். லா பவோனாவில் பெட்டிகளைப் படகில் ஏற்றும்போது மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். தோர்துகேரோவுக்கு ரொக்கம் கொண்டு போங்கள், கொலோனாகவே. பூங்கா டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, மனுவேல் அந்தோனியோ பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் பசிபிக் பக்கம் மழை கொட்டும். அதை எடுத்துவிட்டு அந்த நாட்களையும் காவீத்தாவுக்கே கொடுங்கள்.

தோர்துகேரோவிலிருந்து காவீத்தாவுக்கு நேர் பஸ் இல்லை. மலிவாகப் போக வேண்டுமென்றால் வந்த வழியே கரியாரி வந்து, குவாபிலெஸ், லிமோன் என்று மாற வேண்டும். முழு நாள் ஆகும். அம்மாவும் குழந்தைகளும் இருப்பதால் கால்வாய் வழியே மொயின் வரை படகிலும் அங்கிருந்து வேனிலும் போய்விடுங்கள். செலவு கூடும், ஆனால் அந்தப் படகுப் பயணமே ஒரு காட்டுச் சுற்று.

சான் ஹோசே–லிமோன் சாலை பிராவுலியோ கரியோ பூங்காவின் நடுவே போகிறது. மலைச்சரிவு ஏற்பட்டால் மூடிவிடுவார்கள், துர்ரியால்பா வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். விமானத்துக்கு முந்தின நாளே சான் ஹோசே பக்கம் திரும்பிவிடுங்கள். அந்தச் சாலையில் சுசியோ ஆற்றுப் பாலம் வரும்போது ஜன்னல் பக்கம் குழந்தைகளை உட்கார வையுங்கள். இராசு எரிமலைப் பக்கமிருந்து தாதுக்களோடு வரும் மஞ்சள் நீரும் இன்னொரு ஆற்றின் தெளிந்த நீரும் பாலத்தருகே கலப்பது பஸ்ஸிலிருந்தே தெரியும்.